ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பிச்சி

பிச்சி என்கிற பூனை, தாமிரபரணிக்கு மேற்கே டவுனில் ஒரு தையல்காரியின் வீட்டிலும் கிழக்கே பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவரின் வீட்டிலும் ஒரே நேரத்தில் இருந்த அந்த எட்டு மாத காலத்தில், இரண்டு கரைக்காரர்களும் அது எப்படி நடந்தது என்று அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை; யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

ஆய்வாளரின் பெயர் ஞானசிகாமணி. கடைகளின் எடைக்கும் அளவைக்கும் முத்திரை வைக்கும் துறையில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தவர். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியையும், உள்ளே குடைந்த படிக்கல்லையும், எண்ணெய்க் குவளையின் நசுங்கிய அடியையும், தட்டு இறங்கும்போது கூடவே இறங்கும் சுண்டுவிரலையும் பார்த்துப் பார்த்து, மனுஷன் கை எங்கே இருந்தாலும் அதன் கீழே இன்னொன்று இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அந்த முடிவோடேயே உட்கார்ந்து எழுந்து வந்ததால், அறுபத்திரண்டாவது வயதில் வேதக்கோவில் தெருவில் மூன்று அறை வீட்டில் தனியாக இருந்தார்.

தெருவிலும் சாக்கடையிலும் அகப்படும் பூனைகளை எடுத்து, கூண்டில் போடாமல், ஆளுக்கொரு வீட்டில் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்து, உடம்பு தேறியதும் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறவர்களிடம் சேர்த்துவிடும் ஒரு குழு அப்போது ஊரில் இருந்தது. அதை நடத்திய நஸ்ரின் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். பூனை கேட்டு வருகிறவர் யாரானாலும் முதலில் நாலு பக்கப் படிவத்தை நீட்டுவாள், பிறகு வீட்டுக்கே வந்து ஜன்னல் வலையை இழுத்துப் பார்ப்பாள்.

"பூனை எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"எலி இருக்கு."

"எலிக்கெல்லாம் பூனை குடுக்கது இல்ல சார். பொறி வாங்கி வையுங்க."

ஞானசிகாமணி பேனாவை மூடினார், திறந்தார். "சத்தம் இல்ல," என்றார்.

"என்னது?"

"வீட்டுல. நான் எந்திச்சா ஒரு சத்தம் கேக்கும், நான் உக்காந்தா ஒரு சத்தம் கேக்கும். வேற சத்தம் கெடையாது."

நஸ்ரின் படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தார் அவர். அவள் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

பிச்சி அப்போது டவுனில் செண்பகவல்லியின் வீட்டில் இருந்தது. செண்பகவல்லி ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சட்டைகளும் தைக்கிறவள். கணவர் லாரியில் வடக்கே போனால் மாதத்துக்கு ஒரு தடவை தலை காட்டுகிறவர். நாலு வருஷத்தில் முப்பத்தொரு பூனைகளுக்குக் கண்ணுக்கு மருந்து விட்டு, பாட்டிலில் பால் கொடுத்து, முப்பத்தொன்றையும் கண்ணீர் விடாமல் கொடுத்து அனுப்பியிருந்தாள். முப்பத்திரண்டாவது பிச்சி. வெள்ளை உடம்பு, இடது காதில் சாம்பல் பொட்டு, கருத்தடை செய்த அடையாளமாக அந்தக் காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு.

வந்தவர் பூனையைத் தடவிக் கொடுக்கவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்து, கூடையோடு தூக்கி, கூடையின் எடையைக் கழித்தார்.

"மூணு கிலோ நானூறு. படிவத்துல மூணரைன்னு போட்டிருக்கு. நூறு கிராம் எங்க?"

"காலையில வெளிக்குப் போயிட்டு வந்துது அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். எதையும் இறுக்கிப் பிடித்தே பழகிய கைகள் என்று அவளுக்குத் தோன்றியது. தத்துப் பத்திரத்தைச் சத்தமாக இரண்டு தடவை படித்துவிட்டு, தனக்கு ஒன்று குழுவுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி வேண்டும் என்று அடம்பிடித்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, காலை பதினொரு மணிக்குப் பூனைக்கூடையோடு அவர் பஸ் ஏறினார். பதினொன்றே காலுக்கு, அறுந்துபோன நூலைக் கோர்க்கத் திரும்பிய செண்பகவல்லி, தையல் மெஷினின் மூடிமேல் பிச்சி உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

'பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வச்சுக்கத் தெரியல,' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது உள்ளே லேசாகச் சந்தோஷமாக இருந்ததை நஸ்ரினிடம் அவள் சொல்லவில்லை. பூனை திரும்பி வந்துவிட்டது, அந்த ஆள் கேட்டால் கொடுக்காதே என்று மட்டும் போனில் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஞானசிகாமணி குழுவின் விதிப்படி முதல் நாள் புகைப்படத்தை அனுப்பினார். அவருடைய பிரம்பு நாற்காலியில் பிச்சி படுத்திருந்தது. காதில் சாம்பல் பொட்டு, நுனியில் வெட்டு. நஸ்ரின் நூலகத்து மேசையில் குழுவிடம் இருந்த பிச்சியின் பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றுகிறவர்களில் இது புது வகை என்று முடிவு செய்தாள். பூனையைத் தொலைத்துவிட்டு வேறு பூனையைக் காட்டுகிறவர்களை அவளுக்குத் தெரியும். பூனையைத் தொலைத்துவிட்டு அதே பூனையைக் காட்டுகிறவரை அவள் பார்த்ததில்லை. மறுநாள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வீடியோவில் அழைத்தாள். ஒரு போனில் பிச்சி கொட்டாவி விட்டது. இன்னொரு போனில் அந்தக் கொட்டாவி முடிந்தது.

"அந்தம்மா இரட்டைக்குட்டி வச்சிருக்காவ," என்றார் ஞானசிகாமணி. "நல்லத அவுங்களே வச்சிக்கிட்டு, சீக்காளியை எனக்குத் தந்திருக்காவ. முப்பத்திநாலு வருஷத்துல இத மாதிரி எத்தன பாத்திருப்பேன்."

"அந்த அண்ணாச்சிகிட்ட பூனையே இல்லக்கா," என்றாள் செண்பகவல்லி. "பாளையங்கோட்டையில என்னத்தையாவது படம் எடுத்து அனுப்புதாரு."

நிரூபித்துவிடுவது என்று ஞானசிகாமணி அந்த வெள்ளிக்கிழமை பிச்சியைக் கூடையில் வைத்து, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். ஆற்றுப் பாலத்தின் பாதி வரைக்கும் கூடைக்குள் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. பாலம் தாண்டியதும் கேட்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்தார். செண்பகவல்லியின் வாசலில் கயிற்றை அவிழ்த்தபோது கூடைக்குள் விரித்திருந்த பழைய துண்டில் நாலைந்து வெள்ளை முடியும் ஒரு குழியும் இருந்தன. உள்ளே மெஷின் மூடிமேல் பிச்சி உட்கார்ந்து, அவரை ஏற்கெனவே அறிந்த பூனையாக வாலை ஒருதரம் ஆட்டியது.

"காலிக் கூடையைக் கொண்டாந்து காட்டுதியளே, நல்லாருக்கா?" என்றாள் செண்பகவல்லி.

அவர் கூடையை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். வீட்டுக் கதவைத் திறந்தபோது பிரம்பு நாற்காலியில் பிச்சி இருந்தது. செண்பகவல்லியும் பிற்பாடு ஒருதடவை இதே பரீட்சையை அந்தப் பக்கத்திலிருந்து செய்து பார்த்து, காலிக் கூடையோடு பாலத்தைத் தாண்டிய இடத்திலேயே இறங்கித் திரும்பினாள். ஆகவே, பிச்சி இரண்டாக இருந்ததை அந்த எட்டு மாதமும் யாரும் நேரில் தன் இரண்டு கண்ணால் பார்க்கவில்லை. யார் எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் பூனை ஒன்றுதான். மற்றது அடுத்தவன் சொல்வது. அடுத்தவன் சொல்வதை நம்புகிற பழக்கம் இரண்டு கரையிலும் இல்லை.

கடைசியில் அரக்குதான் விஷயத்தை முடித்தது. ஞானசிகாமணி ஒரு காடாத்துணி நாடாவை எடுத்து, பிச்சியின் கழுத்தில் தளர்வாகக் கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கை உருக்கி விட்டு, ஆறியும் ஆறாததுமாகத் தன் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அதே நிமிஷம் டவுனில் செண்பகவல்லியின் கண்ணெதிரில், மெஷின் மூடிமேல் இருந்த பூனையின் கழுத்தில் ஒரு நாடா வந்தது, நாடாவில் அரக்கு வந்தது, அரக்கில் சூடு ஆறாத ஒரு ரேகை வந்தது. அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள். பின்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஆத்திரத்தோடு, யாரோ சொந்தம் கொண்டாடிவிட்டுப் போன அந்த நாடாவை மறைத்து, நீல சாட்டின் துணியில் பூப்போல ஒரு முடிச்சுப் போட்டாள். பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி தன் பூனையின் கழுத்தில் நீலப்பூ மலர்வதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அன்றைக்கே மூன்று பூட்டையும் மாற்றினார்.

நஸ்ரின் இரண்டு வீட்டுக்கும் போய் அரக்கைப் பார்த்தாள், நீலப்பூவைப் பார்த்தாள், நூலகத்துப் பூதக்கண்ணாடியால் ரேகையைப் பார்த்தாள். குழுவின் பதிவேட்டில் 'தற்போது இருக்கும் இடம்' என்ற கட்டத்துக்குள் இரண்டு விலாசத்தையும் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்.

அதன்பிறகு விஷயம் ஊருக்குப் போனது. ஊர் அதை ஊருக்குத் தெரிந்த வகையில் எடுத்துக்கொண்டது. டவுன் பக்கத்துக் கோயில் பூசாரி, அம்பாள் ஒரே நேரத்தில் ஆயிரம் கோயிலில் இருக்கும்போது ஒரு பூனை இரண்டு வீட்டில் இருப்பது பெரிய காரியம் இல்லை என்றார். வேதக்கோவில் தெரு சர்ச்சின் பாதிரியாரான ஐயர், இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லி யாரும் பெருமைப்படக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எச்சரித்தார். பத்திரத்தில் அந்த மனுஷன் இரண்டு பிரதி கேட்டு வாங்கினார் அல்லவா, அதனால்தான் பூனையும் அசல் ஒன்று நகல் ஒன்றாகப் போய்விட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். உடனே, எது அசல் எது நகல் என்ற பேச்சு எழுந்து, அது பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பதிலாகவும் அந்தப் பக்கம் ஒரு பதிலாகவும் நிலைத்தது. நகைப்பட்டறைக்காரர் ஒருவர் யாரும் பார்க்காத நேரம் தன் மோதிரத்தைப் பிச்சியின் நாடாவில் கோர்த்துவிட்டு அடுத்த கரைக்கு ஓடினார். அங்கேயும் மோதிரம் இருந்தது, கழற்றினார், திரும்பி வந்து பார்த்தால் இங்கே இல்லை. ஒன்று இரண்டு இடத்தில் இருந்ததே தவிர இரண்டு ஆகவில்லை என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். எதற்காகப் பரீட்சித்தார் என்று மட்டும் யாரையும் கேட்க விடவில்லை.

பூனை இரண்டு இடத்தில் இருக்கிறதென்றால் பூனையின் காதும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவள் ஞானசிகாமணியின் அடுத்த வீட்டுச் சுகந்தி டீச்சர். பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அவளைப் பார்த்துத் தெருவே சாத்திக்கொண்டது. டவுனில் செண்பகவல்லியிடம் அளவு கொடுக்க வருகிற பெண்கள், மாமியாரைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் மெஷின் மூடியைப் பார்த்து, பூனை இருந்தால் தெருக்கோடிக்குப் போய்ப் பேசினார்கள். பாளையங்கோட்டையில் பெண் கொடுத்திருந்த ஒருத்தி, தன் மகள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பிச்சியின் வாயருகே காதை வைத்து ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டாள். உறுமல் சத்தம்தான் கேட்டது. ஆனால் அந்த உறுமலில் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று வந்ததாகவும், ஒன்றும் இல்லாவிட்டால் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும் என்றும் சந்தேகப்பட்டு அன்றைக்கே மகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

இதைவிடப் பெரிய கேடு மெதுவாக வந்தது. ஒரு உயிர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கலாம் என்று ஆனபிறகு, ஒரு ஆள் ஒரு இடத்தில் இருக்கிறான் என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போனது. 'நான் அங்கே இல்லை, இங்கேதான் இருந்தேன்' என்று சொல்லி இனி யாரும் தப்பிக்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டில் 'முழுமையாக' என்று ஒரு கூடுதல் கட்டம் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் புருஷனைப் பார்த்துப் பெண்சாதி, "இங்கதான் இருக்கியளா, இல்ல இங்கயும் இருக்கியளா?" என்று கேட்டாள். செண்பகவல்லியே நாக்பூரிலிருந்து பேசிய கணவரிடம், "நீங்க நாக்பூர்ல மட்டும்தான இருக்கிய?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை மனசுக்குள் எண்ணினாள்.

இவ்வளவுக்கும் நடுவே அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதை விடவில்லை. காலையில் அவர் தராசில் தூக்கினார். அவள் சாப்பாட்டைக் குறைத்தாளா என்று தெரிய வேண்டும். மத்தியானம் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அவர் மீனில் உப்புப் போட்டாரா என்று தெரிய வேண்டும். இங்கே பூனை கண்ணை மூடினால் அங்கே அவள், எழுந்துவிடுகிறதா பார்ப்போம் என்று விரலால் தட்டினாள். அங்கே சுருண்டால் இங்கே இவர் காதைத் தூக்கி வெட்டைச் சரிபார்த்தார். ஏழாவது மாதத்தில் பிச்சி மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. எட்டாவது மாதத்தில் கொக்கித் தராசு இரண்டு கிலோ முந்நூறில் நின்றது.

"வெஷம் வச்சிட்டாவ," என்று நஸ்ரினிடம் சொன்னார் ஞானசிகாமணி.

"என்னத்தையோ குடுத்துட்டாரு," என்றாள் செண்பகவல்லி.

கால்நடை மருத்துவர் கோமதிநாயகத்தின் மருத்துவமனை பாலத்துக்குப் பக்கத்தில் கிழக்குக் கரையில் இருந்தது. மேற்குக் கரையில் அவர் சாயங்காலம் மட்டும் உட்காரும் சின்ன அறை ஒன்று இருந்தது. காலையில் ஞானசிகாமணி கொண்டுவந்த பூனைக்கு முன்காலில் ஊசி ஏற்றி, பச்சைப் பட்டை சுற்றி அனுப்பினார். சாயங்காலம் மேற்கே செண்பகவல்லி கூடையைத் திறந்தபோது அதே காலில் அதே பச்சைப் பட்டை இருந்தது. தான் சுற்றிய சுற்றை அவருக்குத் தெரியும். மறுநாள் அவர் இரண்டு பேரையும் போனில் ஒன்றாகச் சேர்த்தார். எட்டு மாதத்தில் அவர்கள் போனில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டது அதுதான் இரண்டாவது தடவை.

"வெஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "நெஞ்சு நிமிஷத்துக்கு நானூறு தடவ அடிக்கி. அதுல பாதிதான் அடிக்கணும். ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே நெஞ்சு ஓடுது. இங்க தூங்குனா அங்க எழுப்புதிய, அங்க தூங்குனா இங்க எழுப்புதிய. எட்டு மாசமா அது தூங்கல. இன்னும் பத்து நாள் தாங்கும்."

"நாங்க என்ன செய்யணும்?" என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

"ஒருத்தர் விடணும். வாயால விட்டா போதாது. மொத நாளே அத வாயால விட்டவங்க வீட்டுலயும்தான் இப்ப இருக்கு."

செண்பகவல்லி போனை வைத்துவிட்டுப் பிச்சியைப் பார்த்தாள். அவள் விட்டாகவேண்டியதற்கு வேறு காரணமும் ஒன்று இருந்தது. மார்க்கெட் கழிவு வாய்க்காலில் எடுத்த மூன்று குட்டிகளை நஸ்ரின் ஒரு மாதமாகத் தன் குளியலறையில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல எடம் இருந்தா" என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். பிச்சி இருக்கும்வரை குட்டிகளை விட முடியாது, அடிக்கும். கொடுத்து அனுப்புவதால்தான் அந்த வீட்டில் அடுத்ததற்கு இடம் வந்தது. நாலு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஞானசிகாமணியின் அந்த இறுக்கிப் பிடிக்கும் கைகளை நினைத்தால் அவளால் முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல், அவள் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். சொல்லிவிட்டுப் போனால் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்திருப்பார், திடீரென்று போனால்தான் தெரியும் என்பது அவள் எண்ணம். அதே மத்தியானம், அதே எண்ணத்தோடு, ஞானசிகாமணி டவுனுக்குப் பஸ் ஏறியிருந்தார். பாலத்தின் மேல் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டின.

வேதக்கோவில் தெருவில் வீடு பூட்டியிருந்தது. மூன்று பூட்டு. செண்பகவல்லி பக்கவாட்டில் போய் ஜன்னல் வலை வழியாக உள்ளே பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டில் மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ தணிந்த குரலில் யாருக்கோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. பிரம்பு நாற்காலியில் பிச்சி படுத்திருந்தது. அது இறங்கச் சிரமப்படக் கூடாது என்று நாற்காலியின் நாலு காலும் பாதிக்கு அறுக்கப்பட்டிருந்தன. தரையில் ஒரு தட்டில் சாளை மீனை முள் எடுத்து, மசித்து, ஒரு வாய் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாக வரிசையாக வைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு தட்டில் நாலு ரஸ்க்கு. அது அவருடைய சாப்பாடாக இருக்க வேண்டும். மேசையில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. காற்றில் பக்கம் புரண்டபோது அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'இன்று மூன்று உருண்டை. ஒருமுறை என் கையை நக்கியது. இடது கை.'

அவள் வலையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

டவுனில் செண்பகவல்லியின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஞானசிகாமணி தட்டினார், தள்ளினார், உள்ளே போய்விட்டார். பிறத்தியார் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம் என்பது தெரிந்தும் போனார். மெஷின் மூடிமேல் மடித்துப் போட்ட பழம்புடவையில் பிச்சி படுத்திருந்தது. தைக்க வேண்டிய துணிகள் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. மெஷினை ஓட்டினால் மூடி அதிரும் என்று அவள் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது, ஊசி குத்திய துணியையும், பக்கத்தில் கிடந்த, ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் கூட்டையும், அதன்மேல் ரத்தப் பொட்டையும் பார்த்தபோது அவருக்கு விளங்கியது. கை இருந்த இடத்தின் கீழே வேறு என்ன இருக்கிறது என்று அவர் பழக்கப்படி தேடினார். துணியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

கிழக்கே ஜன்னலுக்கு வெளியே செண்பகவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த மனுஷன் நல்லாத்தான் வச்சிருக்காரு, பிச்சி. எனக்குப் பொறுக்கலைங்கறது வேற விஷயம். நீ இங்கனயே இருந்துக்க. நான் வேற வேல பாக்கணும்."

மேற்கே அவர் கண்ணெதிரில் பிச்சி எழுந்தது. உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. வெயிலில் கல்தரையில் விழுந்த ஈரக்கால்தடம் ஓரத்திலிருந்து உலர்ந்து வருமே, அப்படி, முதலில் வால், பிறகு முதுகு, பிறகு காதிலிருந்த சாம்பல் பொட்டு என்று இல்லாமல் போனது. ஞானசிகாமணி, "ஐயோ, செத்துட்டே!" என்று கத்தினார். மடித்த புடவையில் கையை வைத்தார். சூடு இருந்தது. அந்தச் சூட்டை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை, எழுந்து ஓடினார்.

தன் வீட்டுப் படியில் செண்பகவல்லி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் தெருவில் நின்றுவிட்டார்.

"போயிட்டும்மா," என்றார். "நான் தொடக்கூட இல்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என் கண்ணு முன்னாலயே... நான் ஒண்ணுமே செய்யல, நம்புங்க."

"தெரியும் அண்ணாச்சி. உள்ள போயி பாருங்க. சத்தம் போடாதிய, தூங்குது."

அவர் மூன்று பூட்டையும் திறந்தார். பிச்சி நாற்காலியில் நாலு காலையும் நாலு திசையில் போட்டு, வயிற்றைக் காட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கியது. நீலப்பூ மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பாதியில் எண்ணிக்கை தவறியது. திரும்ப எண்ணவில்லை.

"உள்ள வாங்க," என்றார் வாசலுக்கு வந்து. "காப்பி போடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. உள்ள வந்தா முழிச்சிரும்." அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "நஸ்ரின் அக்காகிட்ட மூணு குட்டி கெடக்கு. ஒண்ணுக்குக் கண்ணு தொறக்கல. இருட்டதுக்குள்ள போயி வாங்கணும்."

"அதுவும் போயிருமே, தேறுனா?"

"போகத்தான செய்யும்," என்றாள். தெருமுனை வரைக்கும் நிதானமாகத்தான் நடந்தாள். திரும்பும் இடத்தில் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டதைச் சுகந்தி டீச்சர் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். முப்பத்தொரு பூனைக்கும் சேர்த்து அழுத அழுகை அது என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னாள்.

பிச்சி அன்றும் மறுநாளும் முழுக்கத் தூங்கியது. வேதக்கோவில் தெருவில் அந்த இரண்டு நாளும் சைக்கிள் மணி அடிக்கவில்லை, சர்ச் மணியின் நாக்கில் ஐயர் துணி சுற்றிக் கட்டினார். ஞானசிகாமணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அது கண்ணைத் திறந்தது. எழுந்து வந்து ஏழு உருண்டையையும் தின்றது, தட்டையும் நக்கியது, முகத்தைக் கழுவியது. பிறகு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, எட்டு மாதத்தில் முதல்முறையாக முழுக்க இங்கேயே இருக்கிற கண்ணால், கால் விரலிலிருந்து தலை வரைக்கும் அவரைப் பார்த்தது. இவர் யார், இந்த வீட்டில் இவருக்கு என்ன வேலை, இவரை நம்பலாமா கூடாதா என்று கேட்கிற பார்வை. அவர் கையை நீட்டவில்லை, அசையவும் இல்லை.

"பாத்துக்க," என்றார் மெதுவாக. "நல்லா பாத்துக்க. அவசரமில்ல."